காற்றை நிறுத்தினால் யாருக்கு மிச்சம்?

சென்ற மாதம் கட்சிக் கல்விக்கான குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, ‘நியூட்ரியன்ட் ரிமூவல்’ என்ற இரண்டு சொற்களின் முன்னால் அரை நாள் உட்கார நேர்ந்தது. ‘ஊட்டச்சத்து நீக்கம்’ என்று எழுதினால், அங்கன்வாடிக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்ட செய்திபோல ஒலிக்கிறது. மூலத்தில் பேசப்படுவதோ, நகரக் கழிவுநீரில் கரைந்துள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் நுண்ணுயிர்களைக் கொண்டு, குறைந்த மின்செலவில் நீக்குவது பற்றி. வயலில் சேர்ந்தால் உரம். ஆற்றில் சேர்ந்தால் நஞ்சு. பொருள் ஒன்றுதான், சேரும் இடம்தான் வேறு. கடைசியில் ‘உரச்சத்து நீக்கம்’ என்று எழுதி அனுப்பினேன். இதனினும் பொருத்தமான சொல் அறிந்த தோழர்கள் எழுதித் தெரிவித்தால் நன்றியுடன் திருத்திக்கொள்வேன்.

குறிப்பு விவாதத்துக்கு வந்த நாளில், தில்லிக் கிளைக் கூட்டம் ஒன்றில் மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். “இது பொறியாளர்கள் பேச வேண்டிய சங்கதி. வேலையும் கூலியும் ரேஷனும் கேட்டு நிற்கிற மக்களிடம் போய் அமோனியாவைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கச் சுற்றுச்சூழல்வாதம். மின்சாரத்தை மிச்சப்படுத்துவது ஒப்பந்தக்காரரின் கவலை, நமக்கென்ன?” என்றார். நாற்பது ஆண்டுகளாக இயக்கத்தில் இருப்பவர். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் அக்கருத்து தவறானது. தவறானது மட்டுமன்று, ஆளும் வர்க்கத்துக்கு மிகவும் வசதியானது. அதனால்தான் கூட்டத்தில் சொன்ன பதிலோடு நிறுத்தாமல் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

தில்லித் தோழர்களுக்குக் குளிர்காலம் தொடங்கியதும் நாளேட்டில் வரும் ஒரு செய்தி மனப்பாடம்: யமுனையில் அமோனியா உயர்வு, வஜீராபாத் குடிநீர் நிலையத்தில் உற்பத்திக் குறைப்பு, இன்னின்ன பகுதிகளில் தண்ணீர் வராது. பானிபட், சோனிபட் பக்கத்திலிருந்து ஆலைக் கழிவும் நகரக் கழிவும் கலந்து வரும் நீரில் அமோனியா லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமைத் தாண்டினால், அங்குள்ள இயந்திரங்களால் அதைக் குடிநீராக்க இயலாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 0.5 மில்லிகிராம். குளோரினைக் கொட்டினால் அமோனியா அதை விழுங்கிவிடும். கிருமியைக் கொல்ல மிச்சமிருக்காது. ஆகவே வால்வை மூடுகிறார்கள். வால்வு மூடப்படும்போது மாடியில் தொட்டியும் தரைக்கடியில் தொட்டியும் உள்ள வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் தாக்குப்பிடிப்பார்கள். பிளாஸ்டிக் குடத்தை மட்டுமே நம்பியிருக்கும் பஸ்தியில் அன்று காலையே சண்டை தொடங்கிவிடும். டேங்கர் லாரி வரும் வரை வேலைக்குப் போகாமல் நிற்பவர் யார், ஒரு நாள் கூலியை இழப்பவர் யார் என்பதை அந்த மூத்த தோழருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அமோனியா என்பது நைட்ரஜன்; உரச்சத்து நீக்கம் என்று குறிப்பில் எழுதியிருப்பது இதைத்தான்.

ஆண்டுதோறும் இரண்டு மாநில ஆட்சியாளர்கள் ஒருவரையொருவர் கைகாட்டி இந்தப் பிரச்சினையைக் கடத்திவந்தார்கள். 2025 பிப்ரவரிக்குப் பின் ஹரியானா, தில்லி, ஒன்றியம் ஆகிய மூன்றிலும் ஒரே கட்சியின் ஆட்சி. கைகாட்ட ஆள் இல்லை.

இது தில்லியோடு நிற்பதன்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்குப்படி, இந்திய நகரங்கள் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகின்றன. நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 3,184 கோடி லிட்டர். அதில் இயங்கும் நிலையில் இருப்பது 2,687 கோடி. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,024 கோடி லிட்டர் மட்டுமே. நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு அப்படியே ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிறது. ஊடகங்கள் சில வேளை இதைச் சொல்வதுண்டு. மீதி இருபத்தெட்டுப் பங்கு ‘சுத்திகரிக்கப்பட்டது’ என்பதற்கு என்ன பொருள் என்று கேட்பவர் குறைவு. பெரும்பாலும் அதன் பொருள், அழுகும் கரிமப் பொருள் குறைக்கப்பட்டது என்பதே. நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைந்தனவா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வி எழாதபடி பார்த்துக்கொண்டது ஒன்றிய அரசின் சட்டப் பேனா. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் 1993ஆம் ஆண்டுப் பொதுத் தர அளவு, ஆற்றில் விடும் நீரில் அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. நம் நகரங்களின் கச்சாக் கழிவுநீரிலேயே அது பெரும்பாலும் 25 முதல் 50 வரைதான் இருக்கும். எதுவுமே செய்யாமல் நிறைவேற்றக்கூடிய விதியை உலகில் வேறு யார் எழுதியிருப்பார்கள் என்று தெரியவில்லை. 2015 நவம்பரில் வெளியான வரைவு அறிவிக்கை இதைத் திருத்த முன்வந்தது: அமோனியா நைட்ரஜன் 5, மொத்த நைட்ரஜன் 10 என்று அதில் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபர் 13 அன்று இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரிகளையே காணவில்லை. கரிமப் பொருளின் அளவும் 10இலிருந்து பெருநகரங்களுக்கு 20 என்றும் மற்ற இடங்களுக்கு 30 என்றும் தளர்த்தப்பட்டிருந்தது. 2019 ஏப்ரல் 30 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, மொத்த நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்ற அளவுகளை விதிக்க வேண்டியதாயிற்று. ‘நமாமி கங்கே’ என்று மேடையில் கைகூப்பிய அதே ஆட்சிதான், அறையின் உள்ளே அமர்ந்து நைட்ரஜனை அடித்துவிட்டது.

இந்தத் தளர்வுக்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: உரச்சத்தை நீக்க மின்சாரம் அதிகம் வேண்டும், ஏழை நாட்டு நகராட்சிகள் தாங்கா. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருப்பதால் இதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

கழிவுநீர் நிலையத்தில் மின்சாரத்தின் பாதிக்கும் மேல் ஒரே வேலைக்குச் செலவாகிறது: ப்ளோயர்கள் தொட்டியின் அடியிலிருந்து காற்றை ஊதுவது. அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்கள் கரிமப் பொருளை உண்கின்றன. பிறகு வேறொரு வகைப் பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதற்கு ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். இதோடு நிறுத்திக்கொண்டால் மின்செலவு ஏறுகிறது என்பது சரி. ஆனால் இதோடு நிறுத்தவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் செய்தி. காற்று ஊதப்படாத ஒரு தொட்டியை முன்னால் வைத்து, நைட்ரேட் நிறைந்த நீரைப் பின்னாலிருந்து அங்கே திருப்பி அனுப்பினால், அங்குள்ள பாக்டீரியாக்கள் சுவாசிக்க ஆக்சிஜன் கிடைக்காமல் நைட்ரேட்டில் கட்டுண்ட ஆக்சிஜனைப் பிய்த்தெடுத்துக் கரிமப் பொருளை உண்கின்றன. நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஒவ்வொரு கிராமுக்கும் 2.86 கிராம் ஆக்சிஜன் இப்படித் திரும்பக் கிடைக்கிறது. கொடுத்ததில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு!

எண்ணால் சொல்வதானால்: ஒரு லிட்டர் நீரில் 40 மில்லிகிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 183 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. அதில் 30 மில்லிகிராமை வாயுவாக்கினால் 86 மில்லிகிராம் திரும்பி வருகிறது. நிகரச் செலவு 97. இதற்கு வேண்டியது ஒரு தடுப்புச் சுவர், நீரை மெல்லக் கலக்கும் ஒரு கலக்கி, அதிக உயரத்துக்குத் தள்ளவேண்டாத ஒரு பம்பு. அயல்நாட்டு ரகசியம் எதுவுமில்லை. முன்னால் வைக்கும் இந்தத் தொட்டியின் வடிவத்தைத் தென்னாப்பிரிக்காவின் ஜேம்ஸ் பர்னார்ட் 1970களின் தொடக்கத்திலேயே செம்மைப்படுத்திவிட்டார். காற்றில்லாத் தொட்டியையும் காற்றுள்ள தொட்டியையும் உரிய வரிசையில் வைத்தால், பாஸ்பரசைத் தம் உடலுக்குள் சேமித்துக்கொள்ளும் பாக்டீரியாக்களும் பெருகும்; படிகாரத்தையும் இரும்பு உப்பையும் மூட்டைமூட்டையாகக் கொட்டவேண்டிய தேவை பெரிதும் குறையும்.

இன்னொன்று. காற்றை எவ்வளவு ஊதுகிறோம் என்பது. நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே அதிகம் இருந்தால் மேலும் கரைப்பது கடினம். பசித்தவனுக்குப் பரிமாறுவதும் உண்டு முடித்தவனுக்குப் பரிமாறுவதும்போல. 30 டிகிரி வெப்பத்தில் நீர் ஏற்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம். தொட்டியில் 2 மில்லிகிராமை வைத்துக்கொள்வதற்குப் பதில் 0.5இல் வைத்துக்கொண்டால், அதே ஆக்சிஜனைக் கரைக்க ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவாகப் போதும். அளவு குறைந்தால் அமோனியாவை மாற்றும் பாக்டீரியா மெதுவாகும் என்பது குளிர்நாட்டில் பெருங்கவலை. நம் நாட்டின் வெப்பத்தில் அவை விரைந்து வளர்பவை. ஐரோப்பியப் பொறியாளருக்கு இயற்கை தராத சலுகை நமக்கு இருக்கிறது. தொட்டியில் அமோனியா அளவியை வைத்து, அது சொல்கிறபடி காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். அவ்வளவே.

அப்படியானால் தடை எங்கே? அளவியை யார் துடைப்பது என்பதில் இருக்கிறது. மேற்பார்வைக்குச் செல்பவர்கள் கவனிக்காத விஷயம் இது. கழிவுநீருக்குள் அமிழ்ந்திருக்கும் அளவியின் மீது சில நாட்களிலேயே வழுக்கும் படலம் படிந்துவிடும். அதன் பிறகு அது பொய் சொல்லும். அதைத் துடைத்து, ஆய்வகத்தில் நீரைச் சோதித்து ஒப்பிட்டு, கசடு நன்றாகப் படிகிறதா என்று நாள்தோறும் பார்த்து, மழை வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு தொழிலாளி வேண்டும். அவருக்குப் பயிற்சியும் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் அதே நிலையத்தில் இருப்போம் என்ற உறுதியும் வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே, இன்று காவல், நாளை பம்பு, மறுநாள் துடைப்பம் என்று மாற்றப்படுபவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. நுண்ணுயிர்களின் ஒழுங்கைக் காப்பது தொழிலாளியின் திறனே. திறனைத் தேய்த்துவிட்டு ‘திறன்மிகு தொழில்நுட்பம்’ வாங்குவது தனியார்மயத்துக்கே கைவந்த கலை.

ஒப்பந்தத்தின் தர்க்கத்தைப் பாருங்கள். 2016 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘கலப்பு ஆண்டுத்தொகை’ முறையில், கங்கைக் கரை நகரங்களின் நிலையங்களுக்கு மூலதனத்தில் 40 விழுக்காட்டைக் கட்டும்போதே அரசு கொடுக்கிறது. மீதி 60 விழுக்காட்டைப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தவணையாகக் கொடுக்கிறது. முழுப் பணமும் மக்களுடையது. பொறுப்பு மட்டும் தனியாருடையது என்கிறார்கள். அந்தப் பொறுப்பை எதைக் கொண்டு அளப்பது? அளவு விதியில் நைட்ரஜன் இல்லாத இடத்தில், ப்ளோயரைப் பாதி நேரம் நிறுத்திவைத்தாலும் நீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கலாம். அமோனியா மட்டும் அப்படியே வெளியே போகும். மின்கட்டணம் ஒப்பந்தக்காரர் தலையில் விழுந்தால் காற்றை நிறுத்துவது அவருக்கு லாபம். அரசு கட்டணத்தைத் திருப்பித் தருவதாக இருந்தால் சுவரும் கலக்கியும் வைத்து மிச்சம் பிடிக்க அவருக்கு எந்த ஊக்கமும் இல்லை. எப்படிப் புரட்டினாலும் அறிவியல் சொல்லும் சிக்கனத்துக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. காற்றை அறிந்து ஊதுவதும் காற்றை ஊதாமல் விடுவதும் மின்மானியில் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் தெரிவது வஜீராபாத்தில்.

வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. இன்று உலகெங்கும் பயன்படும் செயலூக்கக் கசடு முறையை 1914இல் அறிவித்த ஆர்டெர்னும் லாக்கெட்டும் மான்செஸ்டர் நகராட்சியின் வேதியியலாளர்கள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். பொதுத்துறையில் பிறந்த இம்முறையின் காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த தனியார் நிறுவனம் அமெரிக்க நகராட்சிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது. மில்வாக்கி நகரம் காப்புரிமையை மீறியதாகவே 1934இல் தீர்ப்பு வந்தது. நிலையத்தை மூடினால் நகரத்தின் கழிவு முழுவதும் மிச்சிகன் ஏரியில் விழும் என்பதால் மூடச் சொல்ல மட்டும் நீதிபதிகள் மறுத்தார்கள்.

மின்சாரத்தை இன்னும் கடுமையாகக் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது; அதன் கதை நம் தோழர்களுக்குப் பிடிக்கும். அமோனியாவை ஆக்சிஜன் இல்லாமலே நைட்ரைட்டோடு சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்கும் உயிரினம் இயற்கையில் இருந்தாக வேண்டும் என்று 1977இல் காகிதத்தில் கணக்கிட்டுச் சொன்னவர் ஆஸ்திரிய வேதியியலாளர் எங்கல்பெர்ட் ப்ரோடா. கம்யூனிஸ்ட், அதற்காகச் சிறை சென்றவர், 1938இல் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். அவர் கணித்த பாக்டீரியா 1990களில் ஹாலந்தின் டெல்ஃப்ட்டில் கண்டறியப்பட்டது. ஆக்சிஜன் தேவையை ஏறத்தாழ அறுபது விழுக்காடு குறைக்கும் இம்முறையின் முதல் முழு அளவு உலை 2002இல் ராட்டர்டாமில் இயங்கத் தொடங்கியது. ப்ரோடாவின் சொந்த நாட்டில், ஸ்ட்ராஸ் என்னும் ஊரில் பல உள்ளாட்சிகள் சேர்ந்து நடத்தும் நிலையம் இதையும் கசடு வாயுவையும் பயன்படுத்தித் தான் செலவிடுவதைவிட அதிக மின்சாரத்தைத் தானே ஆக்குகிறது. அங்கே முதலாளி கிடையாது, உள்ளாட்சிகளின் சங்கம்தான். சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில், சூடான சாதாரண நகரக் கழிவுநீரிலேயே இந்தப் பாக்டீரியா வேலை செய்வதைக் கண்டிருக்கிறார்கள். அதுவும் பொது நிறுவனமே.

இனி நம் வீட்டுப் பக்கமும் திரும்ப வேண்டும். மின்சாரமே இல்லாமல் உரச்சத்தை நீக்கும் மாபெரும் ஏற்பாடு இந்தியாவில் இருக்கிறது: 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம். நகரக் கழிவுநீரைச் சூரிய ஒளியில் பாசியாக்கி, பாசியை மீனாக்கி, மீதியைக் காய்கறிக்குப் பாய்ச்சும் மீனவர், விவசாயிகளின் அறிவு அது. துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர் ஆயுள் முழுதும் அதற்காக வாதாடினார். அந்நிலத்தில் ஒரு பகுதியை உலக வர்த்தக மையத்துக்குத் தர முனைந்தது எந்த அரசு? இடது முன்னணி அரசு. 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம்தான் தடுத்தது. பின்னர் 2002இல் ராம்சர் பட்டியலில் அது சேர்ந்ததும் 2006இல் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் நம் ஆட்சிக் காலத்தில்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் முதலில் வழக்குப் போட்டு நம்மைத் தடுத்தவர்கள் யார் என்பதை மறைத்துவிட்டு அதைச் சொல்லக் கூடாது. ‘பொறியாளர் சங்கதி’ என்று ஒதுக்கியதன் விலை அது.

இதை வைத்து, கான்கிரீட் தொட்டியே வேண்டாம், எல்லாம் குளமும் நாணலும் பார்த்துக்கொள்ளும் என்று பேசும் நண்பர்களும் உண்டு. தில்லிக்கு அவ்வளவு நிலம் எங்கே? இருக்கும் யமுனைக் கரையிலும் விவசாயிகளையும் குடிசைகளையும் அப்புறப்படுத்திவிட்டுப் பூங்கா போடுகிறார்கள். கசடு வாயு தரும் ‘யூஏஎஸ்பி’ முறை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று யமுனைத் திட்டத்தில் பல நகரங்களில் கட்டினார்கள். அது கரிமப் பொருளைக் குறைக்கும், அமோனியாவைத் தொடாது. மின்சாரச் சிக்கனம் மட்டும் குறி என்றால் இப்படித்தான் முடியும்.

லண்டன் நகரம் தன் 45 லட்சம் மக்களின் கழிவைப் பெருஞ்செலவில் தேம்ஸ் ஆற்றில் கலப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதிருப்பதை ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் ஏளனம் செய்கிறார். மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்குத் திரும்பாத பிளவு அது. நாம் இன்று பாஸ்பேட்டை மொராக்கோவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் கப்பலில் இறக்கி, மானியம் கொடுத்து வயலில் போட்டு, உண்டு, யமுனையில் விடுகிறோம். கசடில் சேரும் பாஸ்பரசை மீட்டு உரமாக்கினால் அந்தக் கப்பல் செலவில் ஒரு பங்காவது குறையும். அதற்கும் பொதுத்துறை உரத் தொழிற்சாலை வேண்டும். அவற்றைத்தான் விற்க விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்த பிறகு மூத்த தோழரோடு தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் பேசினேன். கொள்கையில் அவர் முழுதாக ஒப்பவில்லை. ‘துடைப்பம் பிடிக்கிற ஒப்பந்தத் தொழிலாளியிடமிருந்து தொடங்குவதானால் வருகிறேன்’ என்றார். ஆகவே இந்த மாதம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் பகுதி நிலையத்துக்கு மூன்று கேள்விகளை எழுதியிருக்கிறோம்: கடந்த ஓராண்டில் வெளியேறும் நீரில் அமோனியாவும் மொத்த நைட்ரஜனும் மாதவாரியாக எவ்வளவு, ப்ளோயர்கள் நாள்தோறும் எத்தனை மணி நேரம் ஓடின, எத்தனை யூனிட் செலவாயிற்று, அங்கே வேலை செய்வோரில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர். இந்த எண்களை நிலையத்தின் வாயிற்பலகையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் சேர்ந்திருக்கிறது. மனுவை இந்தியில் எழுதியவர் மூத்த தோழர். மற்ற நகரங்களின் கிளைகள் அனுப்ப வசதியாக அதன் தமிழ் வடிவம் என்னிடம் இருக்கிறது, கேட்டு எழுதுங்கள்.